மூன்று சக்கரத் தூக்கம்

எங்கள் வீட்டைத் தாண்டி அக்கா போய்க்கொண்டிருந்தாள்.

காலை எட்டு மணிக்குள் அவள் வந்துவிடுவாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக நின்றுவிட்டு வருகிறவள் வாசலில் இறங்கியதும், அதே வண்டியில் நான் ஏறிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். அதனால் பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பேன். படுத்தபடி ஓட்டுகிற பேட்டரி வண்டி என்பதால் தெருமுனையில் முதலில் ஆள் தெரியாது. பின்னால் கம்பியில் கட்டிய ஆரஞ்சுக் கொடி தெரியும். பிறகு இரண்டு முன்சக்கரங்கள், அவற்றுக்கும் முன்னால் பெடலில் பட்டையால் கட்டிய அவளுடைய வெள்ளைக் காலணிகள்.

அன்று வண்டி மெதுவாக, நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. “அக்கா” என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. கண்கள் மூடியிருந்தன. என்னைக் கடந்து, பக்கத்து வீட்டைக் கடந்து, தெருக்கோடியில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டி வைத்திருந்த மணலில் போய் முட்டி நின்றது. சத்தமே இல்லை.

நான் ஓடிச் சேர்வதற்குள் அவள் விழித்துக்கொண்டு, சக்கரத்தில் ஏறிய மணலைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“பிரேக் சரியா பிடிக்கல,” என்றாள்.

“சரி பண்ணிடலாம்,” என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். வேலைக்குப் போகிற வழியெல்லாம் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

வண்டி அக்காவின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்டுடையது. முதுகுவலிக்கு நல்லது என்று எங்கிருந்தோ வரவழைத்தவர், இரண்டு முறை ஓட்டிவிட்டு வெட்கப்பட்டு மூலையில் போட்டிருந்தார். ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கி அக்காவுக்கு முதுகு போயிருந்தது. ஸ்கூட்டர் கூடாது, பஸ்ஸில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், அந்த பிசியோதெரபிஸ்ட் சாவியைக் கையில் கொடுத்து, “எனக்கு மானம் பெருசு, உங்களுக்கு முதுகு பெருசு, எடுத்துட்டுப் போங்க,” என்றாராம்.

எங்கள் தெருவில் அதற்குக் கட்டில் என்று பெயர். சிக்னலில் நிற்கும்போது மேலே இருந்து குரல் வரும். “தலகாணி எங்கம்மா?” “கொசுவலை கட்டிக்கலாமே?” அக்கா பதிலுக்குப் பதில் கொடுப்பாள். நான் எதிரே நிற்கும் பஸ்ஸின் சக்கரத்தில் எத்தனை நட்டு என்று பார்ப்பேன். எனக்கு ஒரு வகையில் அந்த உயரம் பிடித்திருந்தது. சக்கரங்களின் உயரத்தில் படுத்திருப்பவளின் கண்ணை யாரும் நேருக்கு நேர் பார்க்க முடியாது.

எனக்கு வேலை கிடைத்ததும் இந்த வண்டியால்தான். தண்ணீர் பரிசோதிக்கும் லேப். வழியில் உள்ள தொட்டிகளிலும் குழாய்களிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பத்து மணிக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். அந்தப் பெட்டியோடு எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். நேர்முகத் தேர்வில் பாக்டீரியா பற்றிக் கேட்டதற்கெல்லாம் எனக்கே கேட்காத குரலில் பதில் சொன்னேன். “வண்டி இருக்கா?” என்று கேட்டபோது மட்டும் “இருக்கு” என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

அக்கா உயரம். நான் குட்டை. தினமும் காலையில் அவள் இறங்கியதும், பெடல் பொருத்திய முன்குழாயின் இரண்டு திருகுகளைத் தளர்த்தி உள்ளே தள்ளுவேன். சாயங்காலம் அவள் அதை வெளியே இழுத்துக்கொள்வாள். எங்கள் பேச்செல்லாம் திருகு கழற்றும் அந்த நேரத்தில்தான். “பாப்பா ராத்திரி எழுந்தாளா?” “ரெண்டு தடவை.” “அம்மா மாத்திரை போட்டாங்களா?” “போட்டாங்க.” அத்தான் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். அக்கா மகள் பாப்பாவுக்கு மூன்று வயது. பகலில் அவளுக்கு அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகவே அக்கா நிரந்தரமாக நைட் டூட்டி கேட்டு வாங்கியிருந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே நின்றபடி ஆடினாள். பாப்பா அவள் கண் இமையைக் கையால் பிரித்து, “உள்ள இருக்கியா?” என்று கேட்டது.

இரு சக்கர வண்டியாக இருந்தால் தூங்கினால் விழுந்துவிடுவோம், விழித்துக்கொள்வோம். இது விழாது. மோட்டாரின் வேகத்தை ஒரு பொத்தானில் பூட்டி வைத்தால் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பெடலும் மிதிக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் வலைத்துணி, கழுத்துக்குப் பஞ்சு. ஒரு மனுஷியைத் தூங்க வைக்க இதைவிட என்ன வேண்டும்.

அவளிடம் கேட்டிருக்கலாம். “நீ தூங்கிட்டியா?” இரண்டே வார்த்தை. அதற்குப் பிறகு அவள் கோபப்படுவாள், இல்லை அழுவாள். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியாது. ஒயர் எனக்குத் தெரியும்.

பிரேக் பிடித்தால் மோட்டார் தானாக நிற்பதற்கு ஒரு மெல்லிய ஒயர் உண்டு. அதில் ஒரு சின்ன டைமரைப் பற்றவைத்தேன். கைப்பிடியில் கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு பொத்தான். அதை அவ்வப்போது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அரை நிமிஷம் அழுத்தாமல் விட்டால், யாரோ பிரேக் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து மோட்டார் நின்றுவிடும். எங்கள் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். பொத்தானிலிருந்து கையை எடுத்த அரை நிமிஷத்தில் வண்டி சமர்த்தாக வேகம் குறைந்து, பால்காரர் வீட்டு வாசலில் நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

“இது என்னடி புதுசா?” என்றாள் அக்கா.

“பேட்டரி மிச்சமாகும். அப்பப்ப அழுத்திக்கிட்டே இரு. இல்லன்னா மோட்டார் ஓடாது.”

“அழுத்தினா எப்படி மிச்சமாகும்?”

“அது... சொன்னா புரியாது.”

“ஆமாமா. ராக்கெட் விடறவ வீட்டுல இருக்கா, எனக்குத்தான் தெரியல.”

அதன்பின் சில நாட்கள் அவள் கண்ணைத் திறந்துகொண்டு வந்தாள். நானும் போகும் வழியெல்லாம் பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன். கட்டைவிரல் வலித்தது. வலித்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பிறகு ஒருநாள் எட்டு மணிக்கு அவள் வரவில்லை. எட்டேகாலுக்கும் வரவில்லை. அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, “வண்டியில சார்ஜ் போயிருக்கும்,” என்றாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும், “சார்ஜ்தான் போயிருக்கும்,” என்றாள்.

ஒருவழியாகத் தெருமுனையில் கொடி தெரிந்தது. அதற்குப் பின்னால், தெருவை அடைத்துக்கொண்டு ஒரு குப்பை லாரி. கொடி போகிற வேகத்திலேயே லாரியும் ஊர்ந்து வந்தது. கட்டிலுக்கு யானையைக் காவல் போட்ட மாதிரி இருந்தது. இரண்டும் எங்கள் வாசலில் நின்றன. லாரிக்காரர் குதித்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கையுறையைக் கழற்றி அக்குளில் செருகிக்கொண்டார். நாற்றம் அவருக்கு முன்னால் வந்தது.

“இந்தம்மா வீடு இதுதானா?”

“ஆமாங்க. என்னாச்சு?” என்றாள் அம்மா.

“பாலத்து நடுவுல. சரியா நட்ட நடுவுல. எனக்கு முன்னாடி போன பஸ்ஸு சட்டுனு ஒதுங்குது. என்னடா இதுன்னு பாக்கறேன், ரோட்டுல கொடி நிக்குது. கொடிக்குக் கீழ இவங்க. கைய இப்படிப் போட்டு, வாயத் தொறந்து... எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சும்மா. போய்ட்டாங்கன்னே நெனச்சேன். கிட்ட போய்க் குனிஞ்சு பாக்கறேன், குறட்டை.”

“நான் குறட்டை விட மாட்டேன்,” என்றாள் அக்கா, படுத்த நிலையிலேயே.

“விட்டீங்க தாயி. என் இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு, அதையும் மீறிக் கேட்டுச்சு.”

லாரியைக் குறுக்கே போட்டு, அவள் எழுந்து தெளிகிறவரை பாலத்தை மறித்திருக்கிறார். பின்னால் நின்றவர்கள் எல்லாம் இறங்கி வந்து திட்டியிருக்கிறார்கள். “என் தலைமுறையே மிச்சமில்ல, அத்தனை பேரையும் இழுத்துட்டாங்க,” என்றார். குரலில் கோபம் இல்லை. களைத்துப்போயிருந்தார்.

“ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க,” என்றாள் அம்மா.

“வண்டி நெறைய குப்பை. இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னேன்னா உங்க தெருவே அடிக்க வரும்.” ஏறி உட்கார்ந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார். “மோட்டாரு திடீர்னு நின்னு போச்சுங்கறாங்க. நல்ல ஆளா பாத்துக் காட்டும்மா.”

அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முன்குழாயின் திருகைக் கழற்ற ஆரம்பித்தேன். அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை.

“கொஞ்சம் தலை சாஞ்சுட்டேன், அவ்வளவுதான்,” என்றாள். “மோட்டார் நின்னதுதான் பிரச்சனை. பாரு என்னன்னு. சயின்ஸ் படிச்சவ நீதானே.”

திருகு வழுக்கியது. எங்கள் தெருவில் நின்றுபோன வண்டியால் யாருக்கும் ஆபத்து இல்லை. பாலத்தில் ஓரமே கிடையாது. அங்கே ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் மோசம். அந்தப் பாலத்தை நான் தினமும் இரண்டு முறை கடக்கிறேன். ஆனாலும் தெருவில்தான் ஓட்டிப் பார்த்தேன்.

“ரிப்பேர் இல்லக்கா,” என்றேன். “நான்தான் அப்படி வச்சேன்.”

“எப்படி?”

“நீ தூங்கினா நிக்கற மாதிரி.”

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது.

“பேட்டரி மிச்சம்னு சொன்ன.”

“ம்.”

“மணல்ல முட்டினேனே, அன்னிக்கே தெரியுமா உனக்கு?”

“ம்.”

“வாயில என்னடி வச்சிருந்த? கொழுக்கட்டையா? ‘தூங்காதடி கழுத’ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? என்னை நடுப்பாலத்துல நிறுத்திக் கொல்லப் பாத்தியே பாவி!”

“சொன்னா மட்டும் தூங்காம இருந்திருப்பியா?”

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“மாட்டேன்தான்,” என்றாள். “என்னால முடியலடி. கண்ணைத் தொறந்து வச்சிருக்கேன்னுதான் நெனச்சுக்கிட்டிருப்பேன். முன்னாடியெல்லாம் டூட்டி முடிஞ்சா அங்கயே ரெண்டு மணி நேரம் படுத்துட்டுத்தான் கெளம்புவேன். தெளிவா வருவேன்.”

“இப்ப ஏன் படுக்கறதில்ல?”

பெடலின் பட்டையை அவிழ்த்து, ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தாள். இன்னொரு காலை வைத்தாள். எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு, “எட்டு மணிக்கு உனக்கு வண்டி வேணாமா?” என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்திக்காட்டவில்லை. பாலை அடுப்பில் வைத்தாயா என்று கேட்பது போல.

எனக்கு வேலை கிடைத்து எட்டு மாதம். எட்டு மாதமாக அவள் வாசலில் வந்து இறங்குவதையும் நான் ஏறுவதையும் ஒரே விஷயமாகத்தான் நினைத்திருந்தேன்.

அன்று லேப்புக்குத் தாமதமாகப் போனேன். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மேடம்தான் எங்கள் தலைமை கெமிஸ்ட். பாட்டில்களிலிருந்து தட்டுகளில் ஊற்றிப் பன்னிரண்டுக்குள் இன்குபேட்டரில் வைத்தால்தான், மறுநாள் அதே நேரத்தில் எடுத்து, வளர்ந்திருக்கும் பாக்டீரியாப் புள்ளிகளை எண்ணி, அறிக்கை எழுதி, அவர் ஐந்து மணிக்குக் கிளம்ப முடியும். சாம்பிள் தாமதமானால் எல்லாம் தாமதம். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரைத் தாமதத்துக்காகத்தான் அனுப்பினார்கள்.

மதியம் வண்டியில் டைமரைப் பிரித்து எடுத்தேன். திரும்பும்போது பாலத்தில் ஒரு காற்று வந்தது. கொடி படபடவென்று அடித்தது. மேலே பஸ்களின் அடிவயிறுகள் போய்க்கொண்டிருந்தன. நான் அவ்வளவு களைப்பாக இருந்தேன், ஒரு கணம் கண்ணை மூடிப் பார்த்தேன். மிகச் சுகமாக இருந்தது. உடனே திறந்துவிட்டேன்.

மறுநாள் காலை நானே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் வந்த பஸ்ஸில் ஐஸ் பெட்டியைக் கண்டக்டர் ஏற்றிக்கொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸில், காலியாக இருந்ததால், “காலடியில வச்சுக்க, யாராவது கேட்டா எனக்குத் தெரியாது,” என்றார்கள். ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்தும் கொட்டகையில், கார்களுக்கு நடுவே எங்கள் வண்டி இருந்தது. டூட்டி முடிந்து வந்த அக்கா என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள்.

“பாப்பாவுக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. நல்லா தூங்கறா. நீ போய்ப் படு.”

“எங்க படுக்கறது? அந்த ரூமை ஸ்டோராக்கி நாலு மாசமாச்சு. போடி, நேரமாகுது, உனக்கு சாம்பிள் எடுக்கணும்.”

“அப்ப இதுலயே படு.”

“பைத்தியமா உனக்கு? வேலை போயிடும்டி.”

“படுக்கா.”

நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தியிருக்க வேண்டும். அவ்வளவு எளிதாக உட்கார்ந்துவிட்டாள். கால்களைப் பெடலில் வைத்தாள். “பத்து நிமிஷம்,” என்றாள். “பத்து நிமிஷத்துல எழுப்பு.” சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

போனை எடுத்தேன். மேடத்துக்கு நான் எப்போதும் எழுதித்தான் அனுப்புவேன். அன்று எழுதினால் அவர் பார்ப்பதற்குள் நேரமாகிவிடும். அழைத்தேன்.

“யாரு?”

“நான்தான் மேடம். சாம்பிள் எடுக்கறவ.”

“அட, உனக்குக் குரல்னு ஒண்ணு இருக்கா? சொல்லு. வண்டி ரிப்பேரா?”

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. இன்றைக்கு மட்டும் முடிந்தது.

“இல்ல மேடம். எங்கக்கா தூங்கறாங்க.”

“என்ன?”

“வண்டியில தூங்கறாங்க. நைட் டூட்டி. தூங்காம ஓட்டினா... நேத்து பாலத்துல...” மூச்சு விட்டேன். “எழுப்ப முடியாது மேடம்.”

“எழுப்ப முடியாதா, எழுப்ப மாட்டியா?”

“மாட்டேன் மேடம்.”

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. குழாயை நிறுத்தினார்.

“இன்னிக்கு மட்டுமா?”

“தினமும். பதினொண்ணரைக்கு முன்னாடி என்னால வர முடியாது.”

“அப்ப எண்ணி முடிக்க எனக்கு ஆறரை ஆகும். எனக்கும் வீடு இருக்கும்மா. எனக்கும் முதுகு இருக்கு.”

“நான் இருந்து எண்ணிடறேன் மேடம். நீங்க அஞ்சு மணிக்குக் கெளம்பிடுங்க.”

“நீயா? எண்ணியிருக்கியா?”

“காலேஜ்ல.”

“காலேஜ்ல எல்லாரும் எல்லாத்தையும் எண்ணினாங்க.” ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. “இந்த வாரம் பாக்கலாம். உன் தட்டை நான் மறுபடி எண்ணுவேன். தப்பு வந்தா வேற ஆள் பாத்துடுவேன். அப்புறம் வந்து என் முன்னாடி அழக் கூடாது.”

“அழ மாட்டேன் மேடம்.”

வைத்துவிட்டார். ஆறரைக்கு முடித்துக் கிளம்பினால், அக்கா டூட்டிக்குப் புறப்படும் நேரத்துக்குத்தான் வீடு சேர்வேன். தட்டு சரியாக இருந்தாலும் பாப்பா விழித்திருக்கும் நேரத்தில் நான் இருக்க மாட்டேன். அம்மாவுக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை. ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

காவலாளி வந்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, இது பார்க்கிங். லாட்ஜ் இல்ல.”

“பத்து மணி வரைக்கும்தான் அண்ணே.”

“யாரு நீ?”

“தங்கச்சி.”

அவர் குனிந்து அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தார். “ஏழாம் வார்டு சிஸ்டரா,” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்கம்மாவ இவங்கதான் பாத்தாங்க. சரி, தூங்கட்டும். ஆனா ஒண்ணு. டாக்டருங்க காரு இனிமே வந்து போகும். பின்னாடி எடுக்கறப்ப கண்ணாடியில இவங்க தெரிய மாட்டாங்க. தரையோட தரையா கெடக்கறாங்க. நீ உக்காந்திருந்தா நீயும் தெரிய மாட்ட.”

நான் எழுந்து, அக்காவின் கால்மாட்டில் போய் நின்றேன். கொட்டகைக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் நின்று பார்த்தார்கள். அக்கா குறட்டை விட்டாள். லாரிக்காரர் சொன்னது உண்மைதான்.

பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளைக் கார் கிளம்பி, பின்விளக்கு எரிய, எங்கள் பக்கமாகப் பின்னோக்கி வந்தது. நான் இரண்டு கைகளையும் தூக்கி, “சார்! இங்க ஆள் இருக்கு!” என்று கத்தினேன். கார் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“அந்தப் பக்கமா திருப்பிக்கங்க சார்,” என்றேன். அவர் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த காரை எடுக்க ஒருவர் வந்துகொண்டிருந்தார்.